போர் விமானம் வாங்கலாம்! ஓட்ட லைசென்சு?

கையில் நிறையப் பணம் இருக்கிறது. கார் வாங்கலாம். பங்களா வாங்கலாம். போர் விமானம் வாங்க முடியுமா?

முடியும்! அமெரிக்காவில் முடியும்.

ராணுவத்தில் பல ஆண்டுகள் பறந்து ஓய்வு பெற்ற ஜெட் விமானங்களை அங்கே தனி மனிதர்கள் விலைக்கு வாங்குகிறார்கள். நம் ஊரில் கொட்டகையில் மாடு கட்டுவதுபோல அவர்கள் கொட்டகையில் விமானம் கட்டி வைத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் வெளியே இழுத்து, எண்ணெய் ஊற்றி, வானத்தில் ஒரு சுற்று சுற்றிவிட்டு வருகிறார்கள்.

வாங்குவது சரி. ஓட்ட லைசென்சு வேண்டாமா? வேண்டும். அந்த லைசென்சு பற்றித்தான் அமெரிக்க விமானிகள் ஓயாமல் வேடிக்கை பேசுகிறார்கள்.

கேலிப் பேச்சு

சிறிய விமான நிலையம். சின்னஞ்சிறு விமானம் ஓட்டும் நாலு பேர் காப்பி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பேச்சு இப்படிப் போகும்:

"எனக்கும் ஒரு மிக் விமானம் ஓட்ட லைசென்சு வேண்டும். முதலில் யாரிடம் போக வேண்டும்?"

"முதலில் உன் மனைவியிடம் போ. அவள் லைசென்சு கொடுத்துவிட்டால் அரசாங்கம் கொடுப்பது சுலபம்!"

"லைசென்சு இருக்கட்டும். எண்ணெய்க்குப் பணம் யார் கொடுப்பார்?"

"விமானத்தால் லட்சாதிபதி ஆகலாம். அதற்கு ஒரே வழி, கோடீசுவரனாக இருக்கும்போது விமானம் வாங்குவது!"

"அதெல்லாம் போகட்டும். விமானத்தில் இருப்பதோ ஒரே ஒரு ஆசனம். அதில் நான் உட்கார்ந்துவிட்டால், பரீட்சை வைக்கிற அதிகாரி எங்கே உட்காருவார்?"

"அவர் ஏன் உட்கார வேண்டும்? தரையில் நின்றுகொண்டே பார்ப்பார். அவர் புத்திசாலி!"

எல்லாரும் சிரிப்பார்கள்.

நல்ல வேடிக்கைதான். ஆனால் அந்தக் கடைசிப் பேச்சில் ஒரு தவறு இருக்கிறது. தரையில் நிற்பவருக்கு ஆபத்து இல்லை என்று யார் சொன்னது?

எப்படி வந்தன?

இந்த விமானங்கள் தனியார் கைக்கு எப்படி வந்தன? அதை முதலில் பார்க்கலாம்.

ஒரு போர் விமானம் புதிதாக வரும்போது அதன் விலை மலைக்க வைக்கும். புது ரகம் ஒன்று வந்துவிட்டால், பழைய ரகத்தை ராணுவம் கழித்துக் கட்டிவிடும். சில விமானங்கள் காட்சிச் சாலைக்குப் போகும். பல விமானங்களை உடைத்துப் பழைய இரும்பாக விற்றுவிடுவார்கள். மிஞ்சிய சில, ஆசைப்பட்டவர் கைக்கு வந்து சேரும்.

சோவியத் நாடு 1991-ல் சிதறியது. அதையொட்டி கிழக்கு ஐரோப்பிய நாடுகளின் பழைய போர் விமானங்கள் ஏராளமாக விலைக்கு வந்தன. மிக்-15, மிக்-17 முதலிய விமானங்கள் கப்பல் ஏறி அமெரிக்கா போயின. எந்த விமானத்தைக் கண்டு ஒரு காலத்தில் அமெரிக்கர்கள் பயந்தார்களோ, அதையே வாங்கிப் பளபளவென்று வர்ணம் பூசி நிறுத்தினார்கள்!

செக்கோஸ்லோவாக்கியாவில் செய்த எல்-39 என்ற பயிற்சி விமானத்துக்கு இன்னும் கிராக்கி. அது 1968-ல் முதன்முதலில் பறந்தது. 2,800-க்கு மேல் செய்யப்பட்டது. இரண்டு ஆசனம் உள்ளது. ஓட்டுவதற்கும் மற்ற ஜெட் விமானங்களைவிடச் சாது. இதனால் அமெரிக்காவில் பலர் இதை வைத்திருக்கிறார்கள்.

துப்பாக்கி இருக்காது

வாங்கியவர் சண்டை போடக் கிளம்பிவிட மாட்டாரா? மாட்டார். துப்பாக்கியும் குண்டு போடும் கருவியும் இயங்காதபடி செய்துவிட்ட பிறகுதான் விமானம் கைமாறும்.

அமெரிக்க அரசாங்கம் இந்த விமானங்களைச் சாதாரண விமானங்களோடு சேர்ப்பதில்லை. "சோதனை விமானம்" என்ற பட்டியலில் வைத்திருக்கிறது. அந்த வார்த்தையை விமானத்தின் மேல் எழுதியிருக்க வேண்டும். ஏறுகிறவர் கண்ணில் அது பட வேண்டும். காசு வாங்கிக்கொண்டு பிரயாணிகளை ஏற்றிச் செல்வது கூடாது.

ஓட்டுகிறவருக்கும் நிபந்தனை உண்டு. முதலில் சாதாரண விமானி லைசென்சு வேண்டும். அதற்குக் குறைந்தது 40 மணி நேரமாவது பறந்திருக்க வேண்டும். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஜெட் விமானத்தைத் தொட முடியாது. அதற்குத் தனிப் பயிற்சி, தனிப் பரீட்சை, தனி அனுமதி.

அதுவும் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒவ்வொரு அனுமதி. எல்-39 ஓட்ட அனுமதி வாங்கியவர் அதைக் காட்டி மிக்-15-ல் ஏற முடியாது. மாட்டு வண்டி ஓட்டியவன் யானை மேல் ஏறினால் என்ன ஆகும்? அந்தக் கதைதான்.

"இத்தனை கெடுபிடியா? இது விமானம் ஓட்டும் லைசென்சா, ராஜாவாகப் பட்டம் சூட்டும் சடங்கா?" என்று விமானிகள் கேலி செய்வது இதைத்தான்.

ஏன் இத்தனை கெடுபிடி?

காரணம் இருக்கிறது.

சிறிய விமானத்தில் விசையைக் கூட்டினால், உடனே வேகம் கூடும். பழைய ஜெட் விமானத்தில் அப்படி இல்லை. விசையைத் தள்ளிய பிறகு எஞ்சின் முழு வலிமைக்கு வரச் சில விநாடிகள் ஆகும். தரைக்கு மிக அருகில் பறக்கும்போது அந்தச் சில விநாடிகள் உயிருக்கு விலை.

இறங்கும் வேகமும் அதிகம். எப்-104 என்ற போர் விமானம் தரையைத் தொடும்போதே மணிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அதன் இறக்கை அவ்வளவு குட்டை. மெதுவாக வந்தால் விழுந்துவிடும்.

மேற்கு ஜெர்மனி இந்த எப்-104 ரக விமானங்களை 916 வாங்கியது. அவற்றில் 292 விபத்தில் நாசமாயின. 100-க்கும் மேற்பட்ட விமானிகள் மாண்டார்கள். அப்போது ஜெர்மனியில் ஒரு கேலி பிறந்தது.

"எப்-104 விமானம் சும்மா கிடைக்க வழி என்ன?"

"ஒரு காணி நிலம் வாங்கு. காத்திரு. தானாக வந்து விழும்!"

சிரிப்பு வருகிறது. கூடவே நெஞ்சு கனக்கிறது. ராணுவத்தில் தினம் தினம் பயிற்சி பெற்ற இளைஞர்களின் கதியே இது. வாரம் ஒருநாள் பறக்கும் பணக்காரரின் கதி என்ன?

ஐஸ்கிரீம் கடையில்...

இந்தக் கேள்விக்குப் பதில் 1972-ல் கிடைத்தது. பயங்கரமான பதில்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் தலைநகரம் சாக்ரமெண்டோ. அங்கே செப்டம்பர் 24-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை விமானக் காட்சி நடந்தது. ஒரு தனியாருக்குச் சொந்தமான சேபர் ஜெட் விமானம் அதில் கலந்துகொண்டது. காட்சி முடிந்து அது ஊர் திரும்பப் புறப்பட்டது.

ஓடுபாதையில் ஓடியது. மூக்கைத் தூக்கியது. அளவுக்கு மேல் தூக்கிவிட்டது!

மூக்கு அளவுக்கு மேல் தூக்கினால் என்ன ஆகும்? காற்று தடுக்கும். வேகம் கூடாது. விமானம் மேலேயும் போகாது. ஓடுபாதை தீர்ந்துவிடும்.

அன்று அதுதான் நடந்தது. விமானம் நிலையத்தின் எல்லையைத் தாண்டியது. சாலையைக் கடந்தது. எதிரே இருந்த ஐஸ்கிரீம் கடைக்குள் பாய்ந்தது. தொட்டி நிறைய இருந்த எண்ணெய் தீப்பிடித்தது.

கடையில் அன்று குழந்தைகள் கூட்டம். கால்பந்து ஆடும் சிறுவர்கள் கும்மாளமாக ஐஸ்கிரீம் சாப்பிட வந்திருந்தார்கள். குடும்பம் குடும்பமாக மற்றவர்களும் இருந்தார்கள்.

22 பேர் செத்தார்கள். அவர்களில் 12 பேர் குழந்தைகள். ஒரே குடும்பத்தில் 9 பேர் போய்விட்டார்கள். விமானி பிழைத்துக்கொண்டார்.

அவர் விமானம் ஓட்டத் தெரியாதவர் அல்ல. ஆனால் அந்த ரகத்தில் அவருடைய அனுபவம் 4 மணி நேரம்கூட இல்லை! விமானிக்குப் போதிய பழக்கம் இல்லாததே விபத்துக்குக் காரணம் என்று விசாரணையில் முடிவாயிற்று.

அதன் பிறகுதான் அமெரிக்க அரசாங்கம் விழித்துக்கொண்டது. பழைய போர் விமானங்களை ஓட்டுகிறவர்களுக்கும், அவை ஊருக்கு மேலே பறப்பதற்கும் விதிகளைக் கடுமையாக்கியது.

இன்று விமானிகள் காப்பி குடித்துக்கொண்டே கேலி செய்கிற கெடுபிடி, அந்தக் குழந்தைகளின் சாம்பலில் முளைத்தது. இதை மறக்கக் கூடாது.

பாலைவனத்தில் ஒருவர்

இன்னொரு கதையும் உண்டு. இதில் யாரும் சாகவில்லை.

டாரில் கிரீனமயர் என்று ஒருவர். லாக்ஹீட் விமானக் கம்பெனியில் சோதனை விமானியாக இருந்தவர். அவருக்குச் சொந்தமாக ஒரு எப்-104 வேண்டும் என்று ஆசை. முழு விமானம் கிடைக்கவில்லை. விட்டாரா? இங்கே ஒரு இறக்கை, அங்கே ஒரு வால் என்று பல ஆண்டுகள் தேடிச் சேர்த்து, சொந்தமாகவே ஒரு விமானத்தைக் கட்டிவிட்டார்!

1977-ல் நெவாடா பாலைவனத்தில் அதை ஓட்டினார். தரைக்கு மேலே 100 மீட்டர் உயரத்துக்குள் பறந்து, மணிக்கு 988 மைல் வேகம் காட்டினார். அது உலக சாதனை.

அடுத்த ஆண்டு வந்தது சோதனை. பறந்துவிட்டுத் திரும்பும்போது சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டிக்கொள்ளவில்லை. அந்த வேகத்தில் அப்படியே இறங்கினால் பிழைக்க முடியாது. அருமை அருமையாகக் கட்டிய விமானத்தை விட்டுவிட்டுக் குடையில் குதித்தார். விமானம் பாலைவனத்தில் விழுந்து நொறுங்கியது.

பல ஆண்டு உழைப்பு ஒரு நொடியில் போயிற்று. ஆனால் போனது அவருடைய சொத்து மட்டுமே. மற்றவர் வீட்டில் ஒரு ஓடுகூட உடையவில்லை.

இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருவர் கைதேர்ந்தவர், ஆள் இல்லாத இடத்தில் பறந்தார். மற்றவர் பழக்கம் இல்லாதவர். ஊர் நடுவே பறந்தார். விமானம் இரண்டு பேருக்கும் காலை வாரியது. ஒரு இடத்தில் இரும்பு போயிற்று. இன்னொரு இடத்தில் குழந்தைகள் போனார்கள்.

அனுபவம் மட்டும் போதுமா?

"அப்படியானால் அனுபவசாலிக்கு மட்டும் லைசென்சு கொடுத்தால் போதுமே!" என்று சிலர் சொல்லலாம்.

போதாது. இங்கிலாந்தில் நடந்ததைக் கேளுங்கள்.

2015 ஆகஸ்டு 22-ந் தேதி ஷோர்ஹாம் என்ற ஊரில் விமானக் காட்சி. ஒரு ஹண்டர் ஜெட் விமானம் கரணம் அடித்துக் காட்டியது. (இந்த ரக விமானம் இந்திய விமானப் படையிலும் இருந்தது. 1971 போரில் ராஜஸ்தான் பாலைவனத்தில் பாகிஸ்தான் டாங்கிகளை நொறுக்கியது இதுதான்.) அந்த விமானத்துக்கு அப்போது வயது 60.

அதை ஓட்டியவர் புதியவர் அல்ல; அனுபவம் மிகுந்தவர். ஆனால் கரணத்தின் உச்சியில் 3,500 அடி உயரமாவது இருக்க வேண்டிய விமானம், சுமார் 2,700 அடியில்தான் இருந்தது. வேகமும் குறைவு. கரணத்தை நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கீழே வந்தது. நிமிர இடம் போதவில்லை. பக்கத்தில் இருந்த நெடுஞ்சாலையில் மோதியது.

11 பேர் இறந்தார்கள். எல்லாரும் மைதானத்துக்கு வெளியே இருந்தவர்கள். காரில் தங்கள் வேலையாகப் போய்க்கொண்டிருந்தவர்களும் அவர்களில் உண்டு. இங்கேயும் விமானி பிழைத்துக்கொண்டார். அவர் மீது வழக்கு நடந்தது. 2019-ல் விடுதலையானார்.

இதன் பிறகு இங்கிலாந்து அரசாங்கம் உத்தரவு போட்டது. பழைய ஜெட் விமானங்கள் நிலத்துக்கு மேலே கரணம் அடிக்கக் கூடாது. நேராகப் பறந்து போகலாம், அவ்வளவுதான்.

2023-லும் அமெரிக்காவில் ஒரு விபத்து. மிச்சிகன் மாநிலத்தில் விமானக் காட்சியில் பறந்த மிக்-23 விமானத்தில் எஞ்சின் கோளாறு. உள்ளே இருந்த இருவரும் குடையில் குதித்துத் தப்பினார்கள். ஆள் இல்லாத விமானம் எங்கே விழுந்தது தெரியுமா? அடுக்கு மாடி வீடுகளின் பக்கத்தில், கார்கள் நிறுத்தும் இடத்தில்! அன்று தரையில் இருந்த யாருக்கும் காயம் இல்லை. அது அதிருஷ்டம். அதிருஷ்டத்தை நம்பி ஊர் நடுவே விமானம் விடலாமா?

தடை போடலாமா?

"இந்தக் கிழட்டு விமானங்களை அடியோடு தடை செய்துவிட வேண்டும்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது அவசரப் பேச்சு.

பழைய விமானம் வெறும் இரும்பு அல்ல, அது சரித்திரம். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் விமானத்தைப் பார்க்கும் சிறுவனுக்கும், தலைக்கு மேல் இடிபோல முழங்கிச் செல்லும் விமானத்தைப் பார்க்கும் சிறுவனுக்கும் எவ்வளவோ வித்தியாசம். நாளைய விமானியும் எஞ்சினியரும் அந்த முழக்கத்தில்தான் பிறக்கிறார்கள். தங்கள் சொந்தப் பணத்தைக் கொட்டி, ஒவ்வொரு ஆணியையும் துடைத்து, முறையாகப் பறக்கிறவர்களே அதிகம். அவர்களைத் தண்டிப்பது நியாயம் அல்ல.

ஆனால் அவர்கள் மூன்று விஷயங்களை மனதில் கொள்ள வேண்டும்.

முதலாவது: லைசென்சு காகிதம் போதாது. பழக்கம் விட்டுப் போனால் லைசென்சும் விட்டுப் போனதாக அர்த்தம். நீச்சல் பல வருஷம் கழித்தும் மறக்காது. ஜெட் விமானம் அப்படி அல்ல. இரண்டு மாதம் தொடாமல் இருந்தவர், மறுபடி ஆசிரியரோடு உட்கார்ந்து பழகிய பிறகே தனியாக ஏற வேண்டும்.

இரண்டாவது: வீடு இல்லாத இடத்தில் பறக்க வேண்டும். கடல் இருக்கிறது. பாலைவனம் இருக்கிறது. கரணம் அடிக்க ஆசையா? அங்கே அடிக்கலாம். பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கரையில் நின்று பார்க்கட்டும்.

மூன்றாவது: நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தத் தெரிய வேண்டும். இதற்கு ஒரு நல்ல உதாரணம் இங்கிலாந்திலேயே இருக்கிறது.

வல்கன் என்ற மாபெரும் குண்டு வீச்சு விமானம். 1960-ல் படையில் சேர்ந்தது. 1993-ல் ஓய்வு பெற்றது. பொதுமக்கள் நன்கொடை கொடுத்து, பழுது பார்த்து, 2007-ல் அதை மறுபடியும் பறக்க வைத்தார்கள். ஊர் ஊராக மக்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் கண்ணீர் விட்டார்கள்.

2015-ல், அதன் பராமரிப்புக்குத் துணை நின்ற கம்பெனிகள், "இனி எங்களால் பொறுப்பு ஏற்க முடியாது" என்று விலகிக்கொண்டன. உடனே என்ன செய்தார்கள்? அந்த ஆண்டோடு நிறுத்திவிட்டார்கள். விமானம் நல்லபடியாகத் தரை இறங்கியது. இன்றும் முழுசாக நிற்கிறது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. இதுதான் மரியாதை. இயந்திரத்துக்கும் மரியாதை, மக்களுக்கும் மரியாதை.

யாருக்கு வேடிக்கை?

விமானிகள் கேலி பேசட்டும். பயம் உள்ளவன்தான் கேலி பேசுவான். பயம் உள்ளவன்தான் ஜாக்கிரதையாகவும் இருப்பான். லைசென்சு கெடுபிடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, அதை முறையாக வாங்குகிறவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே குறுக்கு வழி தேடுகிறவர்தான் ஆபத்தானவர்.

"பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்" என்பது பழமொழி. வானத்தில் பறக்கிறவர் ஆபத்தைத் தெரிந்து ஏறுகிறார். அது அவருடைய ஆசை, அவருடைய பணம், அவருடைய உயிர். சாலையில் கார் ஓட்டிப் போகிறவர் அப்படி அல்ல. ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்திருந்த குழந்தையும் அப்படி அல்ல. அந்தக் குழந்தையிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

"பரீட்சை அதிகாரி தரையில் நிற்கிறார், அவர் புத்திசாலி" என்று சிரித்தார்களே, அதைக் கொஞ்சம் மாற்றிச் சொல்லலாம்.

தரையில் நிற்பவர் அத்தனை பேரும் பரீட்சை அதிகாரிகள்தான். அவர்கள் எல்லாரும் பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தால்தான் விமானி தேறினார் என்று அர்த்தம்!